ஒரு மணி நேரத்தில் "கழற்றாத பல்": கல்யாண அவசரத்தில் இருப்பவர்கள் கவனிக்க

கல்யாண சீசன் தொடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். குமரி மாவட்டத்தில் கருங்கல், திங்கள்சந்தை, மார்த்தாண்டம் பக்கங்களில் ஒருவர் மாடி அறைகளை வாடகைக்கு எடுத்து, "ஒரு மணி நேரத்தில் கழற்றாத பல் கட்டித் தரப்படும்" என்று போர்டு வைத்துத் தொழில் செய்துவந்தார். அவர் பெயரை நான் போடப் போவதில்லை, அந்தப் பெயரே ஊருக்கு ஊர் மாறுகிறது. என் அம்மா அவரிடம் மாட்டிக்கொண்டார்.

அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. காலமெல்லாம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்து அண்டி உடைக்கிற பெண்கள் பலருக்கும் வெற்றிலைதான் பேச்சுத்துணை. அம்மா பாக்கோடு ஒரு துண்டு புகையிலையும் சேர்த்து இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். சர்க்கரையும் உண்டு. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு சொத்தையே இல்லாமல், ஆடி ஆடித் தானாக விழுந்துவிட்டன. அக்கா மகள் கல்யாணம் நெருங்கியது. போட்டோவில் பொக்கை தெரியக் கூடாது என்று பிடிவாதம்.

நான் திருப்பூரில் வேலை செய்கிறேன். வீட்டில் இருக்கும் மைனிதான் (அண்ணி) முதலில் முறையான ஒரு பல் மருத்துவரிடம் அம்மாவைக் கூட்டிப்போனார். ஈறு நோயைச் சரி செய்யாமல் மேலே பல் கட்டினால் நிற்காது, சர்க்கரையையும் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் கழற்றி மாட்டுகிற செட் ஒன்று செய்து தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். நியாயமான பேச்சுதான். ஆனால் பந்தியில் செட் கழன்று விழுந்தால் மானம் போகும் என்பது அம்மாவின் கவலை. அந்த நேரம் பார்த்துத்தான் தெரிந்தவர் ஒருவர் இந்த மாடி அறையைச் சொன்னார்.

அங்கே எக்ஸ்ரே எடுக்கவில்லை. சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கருவிகளை வேகவைக்கும் பெட்டி கண்ணில் படவில்லை என்று மைனி பிறகு சொன்னார். பக்கத்துப் பற்களில் மெல்லிய கம்பியைச் சுற்றி, அதை இடது பக்கம் கடைவாய் வரை இழுத்துக் கட்டினார். ஒரு பொடியையும் நெடியடிக்கிற திரவத்தையும் குழைத்து, வாய்க்குள்ளேயே அப்பி, ரெடிமேட் பல் இரண்டை அதில் பதித்துவிட்டார். சில நிமிடத்தில் அது சூடேறி இறுகிவிட்டது. ₹4,500. ரசீது கிடையாது. "ஒண்ணும் பேடிக்காண்டாம் அம்மா, இனி கரும்பே கடிக்கலாம்" என்று வழியனுப்பியிருக்கிறார்.

கல்யாணப் போட்டோ நன்றாகவே வந்திருக்கிறது. அதை மறைப்பானேன்.

அவர் அப்பியது அக்ரிலிக் பிளாஸ்டிக். பல் லேபில் தற்காலிக வேலைக்கும், உடைந்த செட்டை ஒட்டுவதற்கும் பயன்படுகிற பொருள். அதை வாய்க்குள்ளேயே இறுக வைக்கும்போது முழுதாக வினைபுரியாத திரவம் கொஞ்சம் மிச்சம் நிற்கும், அது ஈறை எரிக்கும். இறுகிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதால் எச்சிலையும் நாற்றத்தையும் ஸ்பஞ்சு மாதிரி குடித்துக்கொள்ளும். ஈறோடு ஒட்டிக் கிடப்பதால் பிரஷ் உள்ளே போகாது. உண்மையான கழற்றாத பல், அதாவது பிரிட்ஜ் என்றால் பக்கத்துப் பற்களைச் செதுக்கி, அளவெடுத்து, லேபில் உலோகத்திலோ செராமிக்கிலோ செய்து ஒட்டுவார்கள். அதன் அடியில் சுத்தம் செய்ய இடைவெளி விடுவார்கள். அதற்குப் பொதுவாகச் சில நாட்கள் ஆகும். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலையே இல்லை.

கொஞ்ச நாளில் நாற்றம் தொடங்கியது. பல் தேய்த்தால் ரத்தம். கம்பி சுற்றிய கோரைப்பல் ஆட ஆரம்பித்தது. கம்பியின் முனை இடது கன்னத்தின் உள்பக்கத்தை உரசி உரசி அங்கே ஒரு புண். திரும்பப் போனபோது, "எல்லாம் சூடுதான், இளநீர் குடியுங்க, வாய் பழகிடும்" என்றாராம். கம்பியைக் கொஞ்சம் ராவிவிட்டு, பெயர் தெரியாதபடி வெட்டிய மாத்திரைப் பட்டையைக் கொடுத்து ₹500 வாங்கியிருக்கிறார். வேறு டாக்டரிடம் போய் கிளீனிங் செய்தால் இருக்கிற பல்லும் ஆடிவிடும் என்று பயமுறுத்தியும் அனுப்பியிருக்கிறார். எனக்கு ஆத்திரம் வந்தது இதில்தான், ஏனென்றால் அம்மா அதை அப்படியே நம்பிவிட்டார்.

இந்த பயம் நம் ஊரில் படித்தவர்களுக்கும் இருக்கிறது. பல்லில் படிகிற அழுக்கு இறுகிக் காரையாகி ஈறுக்கு அடியில் இறங்குகிறது. அங்கே குடியேறும் கிருமிகளால் ஈறு வீங்கி, பல்லைப் பிடித்து நிற்கும் எலும்பு கரைகிறது. பல் ஆடக் காரணம் அந்த எலும்பு போனது. முற்றிய நோயில் காரையே பல்லைத் தாங்கிக்கொண்டிருக்கும். காரையை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இந்த நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுக்குள் வருவது கடினம். அம்மாவின் முன்பற்கள் விழுந்த கதை இதுதான். வலியே இல்லாமல் நடந்துவிடுவதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்கு வந்தபோது, மீன் குழம்பு தொட்டதும் அம்மா கண் கலங்குவதைப் பார்த்தேன். "ஒண்ணும் இல்ல மக்களே, கொஞ்சம் காந்துது" என்றார். மறுநாளே நாகர்கோவிலில் ஒரு பல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அந்த பிளாஸ்டிக்கை அறுத்து எடுத்ததும் அறை முழுக்க நாற்றம். அடியில் சோறு அழுகிக் கிடந்தது. ஈறு வளர்ந்து கம்பியை மூடியிருந்தது. கம்பி சுற்றிய பற்கள் கழுத்தருகே சொத்தையாகியிருந்தன. கோரைப்பல்லையும் அதன் பக்கத்துப் பல்லையும் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு பல் வைக்கப்போய் இன்னும் இரண்டு பல் போனது.

ஆனால் அந்த மருத்துவரின் கவலை பல்லைப் பற்றியதாக இல்லை. கன்னத்துப் புண்ணைப் பார்த்து, இது எவ்வளவு நாளாக இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கூர்மையான பல்லோ கம்பியோ உரசி வரும் புண், அந்தக் காரணத்தை நீக்கினால் இரண்டு வாரத்துக்குள் ஆற வேண்டும், ஆறாவிட்டால் சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிக்கத்தான் வேண்டும் என்றார். நல்லவேளை, புண் ஆறியது. அதற்குப் பின்னால், புகையிலை ஒதுக்குகிற அதே இடத்தில், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு ஒன்று இருந்தது. அது போகவில்லை. மாடி அறைக்காரர் விரலை விட்டுக் கம்பி கட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே அது இருந்திருக்கிறது.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் செல்கள் லேசாக மாறத் தொடங்கியிருக்கின்றன, வெற்றிலை பாக்கு புகையிலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். புகையிலையை விட்டுவிடுகிறேன், பாக்கு மட்டும் போடுகிறேன் என்று அம்மா பேரம் பேசிப் பார்த்தார். பாக்கு மட்டுமே போதும் புற்றுநோய்க்கு, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே அதை உறுதி செய்திருக்கிறது என்று அங்கிருந்த இளம் டாக்டர் விளக்கினார். பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் நாராக இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரலாம். மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட முடியாதவர்கள், கொஞ்சம் மிளகாய் பட்டாலே வாய் எரிகிறவர்கள் இதற்காகவே போய்க் காட்டுங்கள். வெள்ளைத் திட்டைவிடச் சிவப்புத் திட்டு ஆபத்தானது. ஆரம்பத்தில் இந்தத் திட்டுகள் பெரும்பாலும் வலிக்காது.

வாயைக் கண்ணால் பார்த்தே உயிரைக் காப்பாற்றலாம் என்பதைப் பக்கத்துத் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே நிரூபித்திருக்கிறார்கள். 1996 முதல் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் வெளியான முடிவு சொல்கிறது. பெரிய மெஷின் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த மாடி அறைக்காரரிடம் நேரில் போய்க் கேட்டேன். முன்பு பல் லேபில் வேலை பார்த்தவராம். "எங்க அப்பா காலத்துல இருந்தே இதுதான் தொழில், அப்பாவுக்குக் கவர்ன்மென்ட் பதிவு உண்டு" என்று பழைய காகிதம் ஒன்றைக் காட்டினார். அது உண்மையாகவே இருக்கலாம். 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டம் இல்லாமல் அதற்கு முன்பே தொழில் செய்துவந்தவர்களைப் பதிவேட்டில் தனிப் பகுதியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பதிவு மகனுக்குச் சொத்தாக வராது. லேப் டெக்னீஷியனுக்கும் நோயாளி வாயில் கை வைக்க உரிமை கிடையாது. பி.டி.எஸ். முடித்து மாநிலப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்தவர்தான் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்டால் உண்மையான டாக்டர் யாரும் கோபப்படப் போவதில்லை.

நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தேன். சுகாதார இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் ஒரு நகல். கொஞ்ச நாளில் மாடி அறை பூட்டிக் கிடந்தது, போர்டையும் காணவில்லை. பணம் வரவில்லை. ரசீதும் ஜிபே பதிவும் இல்லாமல் நுகர்வோர் வழக்குக்குப் போவது கஷ்டம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

இப்போது அந்த மாடி அறைக்காரர் குளச்சல் பக்கம் கல்யாண வீடுகளுக்கே நேரில் போகிறார் என்று கேள்வி. கையில் ஒரு கறுப்பு ரெக்சின் பை, அதற்குள் பொடி டப்பாவும் திரவ பாட்டிலும், ரெடிமேட் பற்கள் பதித்த அட்டைகளும் இருக்கும். பேச்சு இனிமையாக இருக்கும். ஏற்கெனவே கட்டிக்கொண்டவர்கள் வீட்டில் நீங்களாகவே இடுக்கி வைத்துப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், பக்கத்துப் பல்லும் கூடவே வந்துவிடும். தாலுகா அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டினால் அறுத்து எடுத்துவிடுவார்கள். போகும்போது கன்னத்தையும் நாக்கின் அடியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.