மொட்டை மாடி ஆன்டெனாவோடு ஐந்து வருடம்

டில்லி ஆர்.கே. புரத்தில் இருக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "மாடியில டிவி ஆன்டெனா வெச்சிருக்கீங்களே, நல்லா வருதா? நானும் ஒண்ணு வாங்கிடட்டுமா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. அப்போதுதான் மூன்றாவது முறையாகக் கனெக்டரை மாற்றிவிட்டு, விரலெல்லாம் டேப் பசையோடு இறங்கி வந்திருந்தேன். "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் அது கொஞ்சம் அநியாயம் என்று பட்டது. அதனால் விவரமாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு கிழக்கு டில்லியில், மயூர் விகார் முதல் ஃபேஸில், டிடிஏ (டில்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய ஃபிளாட். ஆன்டெனா பார்த்துக்கொண்டிருப்பது பீதம்புரா டிவி டவரை. 1988-இல் கட்டிய 235 மீட்டர் கோபுரம், எங்களுக்கு வடமேற்கே 15 கிலோமீட்டருக்கு மேல். தூர்தர்ஷன் 2016-இல் டில்லி, மும்பை, சென்னை என 16 நகரங்களில் டிவிபி-டி2 என்னும் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கியது பலருக்குத் தெரிந்திருக்கும். அதைப் பிடிக்கும் செட்-டாப் பாக்ஸ், ஆன்டெனா இரண்டையும் செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில் வாங்கினேன். மாதச் சந்தா கிடையாது. படம் வரும்போது துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி வரும், அதில் குறையே சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் அந்த "வரும்போது" என்பதில்தான்.

பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகும், கோடு ஓடும், முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் நிழலாக நிற்கும். ஆனாலும் பந்து எங்கே போனது என்று தெரியும். டிஜிட்டலில் அந்தத் தயவு தாட்சண்யம் இல்லை. சிக்னல் பாதி தேய்ந்திருந்தாலும் படம் பளிச்சென்றுதான் இருக்கும். இன்னும் ஒரு நூலிழை குறைந்ததும் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, கறுப்பாகிவிடும். முன்னறிவிப்பே கிடையாது.

பாக்ஸின் மெனுவில் இரண்டு பட்டைகள் உண்டு, ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. முதல் ஒரு வருடம் நான் ஸ்ட்ரெங்தையே பார்த்து ஏமாந்தேன். அது 80-இல் நிற்கும், படம் இருக்காது. பக்கத்தில் குவாலிட்டி 18 என்று மூலையில் பம்மிக்கொண்டிருக்கும். வந்து சேரும் அலை எவ்வளவு என்பதை முதலாவது சொல்லும், அதில் உருப்படியானது எவ்வளவு என்பதை இரண்டாவது சொல்லும். இது தெரியாமல் கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கி டிவிக்குப் பின்னால் மாட்டினேன். ஸ்ட்ரெங்த் 95 ஆனது, குவாலிட்டி இன்னும் இறங்கியது. கேபிளில் வழியெல்லாம் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்தல்லவா அது பெருக்கித் தரும். வைப்பதானால் மேலே, ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த ஆம்ப்ளிஃபையர் இப்போது கொலு பொம்மைப் பெட்டியில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?

ஆன்டெனாவைத் திருப்புவதிலும் பழைய வித்தை பலிக்காது. சின்ன வயதில் அப்பா மாடியில் நின்று "வந்துச்சா?" என்று கத்துவார், நாங்கள் கீழேயிருந்து "வந்துச்சு... ஐயோ போச்சு!" என்போம். இதில் அப்படிச் செய்தால் விடிய விடிய மாடியில்தான். திருப்பிய பிறகு பாக்ஸ் சிக்னலைப் பிடித்துக்கொள்ள இரண்டு மூன்று விநாடி ஆகும். கீழே மனைவி "வந்துடுச்சு" என்று போனில் சொல்வதற்குள் நான் சரியான இடத்தைத் தாண்டி அடுத்த தெருவைப் பார்க்கத் திருப்பியிருப்பேன். இரண்டு விரல்கடை திருப்பு, கையை எடு, ஐந்து எண்ணு, அப்புறம் கேள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதமும் கொஞ்சம் குடும்ப அமைதியும் செலவாயின.

இப்போது செய்த ரிப்பேர் கதைக்கு வருகிறேன். டிசம்பர், ஜனவரியில் தினமும் காலையில் படம் போகும், மதியம் தானாக வரும். பனிமூட்டத்தின் மேல் பழி போட்டேன். தூர்தர்ஷன் வரும் 500 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைக்கு டில்லி பனிமூட்டமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்று படித்தபோது சமாதானம் ஆகவில்லை. காலையில் போவதைக் கண்ணால் பார்க்கிறேனே! கடைசியில் கனெக்டரைக் கழற்றினால், உள்ளே செம்புக் கம்பி பச்சையாகக் களிம்பேறி, பின்னல் உறை கறுத்துப் போய், ஒரு துளி தண்ணீர் முத்து மாதிரி உட்கார்ந்திருந்தது. ராத்திரிப் பனி இறங்கி நனைத்திருக்கிறது, மதிய வெயில் காயவைத்திருக்கிறது. பனி குற்றவாளிதான், நான் நினைத்த வழியில் இல்லை, அவ்வளவுதான். கேபிளை ஒரு சாண் வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போட்டு, ரப்பர் டேப் சுற்றி, தண்ணீர் வழிந்து கீழே சொட்டும்படி கேபிளைத் தொங்கலாக வளைத்துக் கட்டினேன். குவாலிட்டி 18 போய் 71.

இந்த மகிழ்ச்சி ஆகஸ்ட் வரைதான் என்று தெரியும். சுதந்திர தினத்தையொட்டி இந்த ஊரே பட்டம் விடும். போன வருடம் மாஞ்சா நூல் சுற்றி ஆன்டெனாவின் இரண்டு குச்சிகள் வளைந்துவிட்டன. செங்கோட்டைக் கொடியேற்றத்தை, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நடப்பதை, செல்போனில் பார்த்தோம். குரங்கு தொங்கியதைத் தனியாக எழுத வேண்டும். அம்மாவின் புகார் வேறு: இதில் டிடி தமிழ் வராது. அதற்கு தூர்தர்ஷனின் இலவச செயற்கைக்கோள் சேவையான ஃப்ரீ டிஷ்தான், அது தனிக் குடை.

பின்னே ஏன் இதைக் கழற்றி எறியவில்லை? கிரிக்கெட். முக்கியமான மாட்ச்களைத் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007-இல் சட்டம் வந்தது. அந்தப் பகிர்வு தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான், கேபிளுக்கு இல்லை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, மாதாமாதம் காசு கட்டும் எதிர்வீட்டு கேபிள் தூர்தர்ஷனில் வராத மாட்ச், என் குச்சியில் இலவசமாக வரும். இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. செல்போனில் பார்க்கும் மேல்வீட்டுப் பையன்களுக்கு அரை நிமிடம் முன்னால் எங்களுக்கு வந்துவிடும். நாங்கள் "அவுட்!" என்று கத்தினால் மேலேயிருந்து "அங்கிள், ப்ளீஸ்!" என்று கெஞ்சுவார்கள். அந்த அரை நிமிடச் சுகத்துக்கு விலையே கிடையாது.

நண்பருக்கு என் பதில் இப்போதும் அதேதான், வாங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாட்சுக்கு வீட்டோடு இங்கே வந்துவிடுங்கள். கூட ஒரு ஆள் இருந்தால் எனக்கும் நல்லது, மாடியில் நிற்க.