கஞ்சி எடுக்கும் அமைலேஸ்: சாதா கேனா, சூடு தாங்கும் கேனா?

நெய்வதற்காகப் பாவு நூலில் ஏற்றிய கஞ்சியைத் துணியிலிருந்து எடுப்பதுதான் டீசைசிங். அதற்கான அமைலேஸ் என்சைமில் இரண்டு வகை உண்டு. பேசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸ் என்ற பாக்டீரியா தரும் சாதா அமைலேஸுக்கு 60–70 டிகிரி சூடு சரி. பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் தருவது 90 டிகிரியிலும் தாங்கும். ஈரோடு, சென்னிமலை பக்கம் ஜிக்கரில் (துணியைத் தொட்டி வழியாக முன்னும் பின்னும் உருட்டும் மெஷின்) ஓட்டும் பட்டறைக்குச் சாதா வகையே போதும். நீராவியில் துணியை ஓட்டும் ஸ்டீமர் இருந்தால் மட்டும் இரண்டாவது. திருப்பூர் பின்னலாடைக்கு இரண்டுமே வீண் செலவு. பின்னல் நூலுக்குத்தான் கஞ்சியே கிடையாதே!

கேனில் இருப்பது பாக்டீரியா தானாக வெளியே துப்பிய சரக்கு. அமைலேஸ் ஒரு புரதம். செல்லுக்குள் அது மடியாத நூலாக நிற்கும். அதன் முனையில் சுமார் 30 அமினோ அமிலம் கொண்ட அடையாளத் துண்டு. செக்-ஏ என்ற புரதம் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து, சவ்விலுள்ள செக்-ஒய், செக்-இ, செக்-ஜி சேர்ந்த துளை வழியாக அதைத் தள்ளும். அச்சுப் பல்லில் பாவு நூல் நுழைவது மாதிரிதான். முடிச்சு விழுந்தால் போகாது. வெளியே வந்ததும் சிக்னல் பெப்டிடேஸ் என்ற என்சைம் அந்த அடையாளத் துண்டை வெட்டிவிடும். சவ்வின் வெளிப்புறத்தில் கொழுப்பு வாலால் பிடித்து நிற்கும் பிஆர்எஸ்-ஏ புரதம் மடிய உதவும், கால்சியம் வந்து உட்காரும். மடியத் தாமதமானால் அங்கேயே இருக்கும், புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ்கள் மென்றுவிடும். பிஆர்எஸ்-ஏ குறைந்தால் சுரப்பும் குறையும் என்பது 1993-லேயே தெரிந்த விஷயம். பேசில்லஸுக்கு ஒரே சவ்வு, எனவே சரக்கு நேரே பாக்டீரியா வளரும் ஊறல் நீரில் சேரும். ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் வெளிச்சவ்வையும் தாண்ட வேண்டும். செல்லை உடைக்காமல் வடிகட்டிச் செறிவாக்கினாலே போதும் என்பதால்தான் இந்த என்சைம் கட்டுப்படியாகிறது.

அந்தக் கால்சியம்தான் தொட்டியிலும் பிரச்சினை. ஆர்.ஓ. நீரில் அது அநேகமாக இருக்காது. சாதா அமைலேஸ் சூட்டில் சீக்கிரம் செத்துவிடும். லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் குளோரைடு போட்டால் சரியாகும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. மாதிரி கெமிக்கலை இதே தொட்டியில் ஊற்றக் கூடாது. சூடு தாங்கும் வகைக்குக் கால்சியம் மிகக் குறைவாகவே தேவை. அதன் விலையை நியாயப்படுத்துவது சூட்டைவிட இதுதான்.

100 கிலோ துணிக்கு 400 லிட்டர் நீர், லிட்டருக்கு 2 கிராம் என்றால் 800 கிராம் என்சைம். பி.எச். 6–6.5, அயனி இல்லாத வெட்டிங் ஏஜென்ட் (துணி நனைய உதவுவது), ஒரு மணி நேரம். பிறகு 90 டிகிரி வெந்நீர்க் கழுவல். இதை விட்டால் உடைந்த கஞ்சி திரும்ப ஒட்டும். அளவை கேனின் வீரியத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். யூனிட் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு, இரண்டு கேனை எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட முடியாது.

கஞ்சி மிச்சம் இருந்தால் அயோடின் சொட்டு நீலமாகும். இந்தச் சோதனையை ஆறிய, காரமில்லாத துணியில்தான் செய்ய வேண்டும். சூட்டிலும் காரத்திலும் நீலம் மறைந்து, கஞ்சி போனதாக ஏமாற்றும். மரவள்ளி மாவுக் கஞ்சிக்கு அமைலேஸ் அருமை. பி.வி.ஏ. என்ற செயற்கைப் பசை கலந்த பாவு என்றால், அந்தப் பசையை அமைலேஸ் தொடவே தொடாது. பாவுக்குக் கஞ்சி போட்ட சைசிங்காரரிடம் என்ன கலந்தார் என்று முதலில் கேளுங்கள்.

தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் வைத்த கேனை வாங்காதீர்கள்.