தாழ்ந்த டாட்போலா, உயர்ந்த டாட்போலா, டெல்டாவா: கார்கள் ஓடும் சாலைக்கு எந்த முச்சக்கர மிதிவண்டி?

சாய்ந்து அமர்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் முச்சக்கர மிதிவண்டியை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, இரட்டைச் சக்கரம் முன்னால் இருப்பது நல்லதா, பின்னால் இருப்பது நல்லதா என்பதைத்தான். முன்னால் இருந்தால் டாட்போல், பின்னால் இருந்தால் டெல்டா. பூங்காக்களிலும் பழைய ரயில் தடங்களின் மீது போடப்பட்ட மிதிவண்டிப் பாதைகளிலும் ஓட்டுபவருக்கு அந்தக் கேள்வியே போதுமானது. கார்களோடு ஒரே சாலையில் போக வேண்டியவர் அதற்கு முன்பாகவே கேட்டாக வேண்டியது, அந்த இருக்கையில் அமர்ந்தால் தன் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பது. அந்த ஒரு கேள்வியை அளவுகோலாக வைத்து, இத்தகைய வண்டிகள் ஓரளவு புழக்கத்தில் உள்ள பிரிட்டனின் சாலைகளையும் அங்குள்ள விதிகளையும் களமாகக் கொண்டு மூன்று வகைகளை ஒப்பிடுகிறேன்.

முதலாவது, தாழ்ந்த டாட்போல். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் உள்ள ஐஸ் நிறுவனத்தின் விடிஎக்ஸ், அமெரிக்காவின் கேட்ரைக் 700 போன்ற வேக வண்டிகள் இந்த இனம். இருக்கை தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் இருக்கும். இரண்டாவது, அதே ஐஸ் நிறுவனத்தின் அட்வென்ச்சர், ஜெர்மனியின் ஹெச்பி வெலோடெக்னிக் தயாரிக்கும் ஸ்கார்ப்பியன் பிளஸ் போன்ற உயர்ந்த டாட்போல். இவற்றின் இருக்கை விடிஎக்ஸ் இருக்கையைவிடக் கணிசமாக மேலே, முதுகுச் சாய்வும் குறைவாக இருக்கும். மூன்றாவது, டெல்டா, இதில் பெரிதும் அறியப்பட்டது ஜெர்மனியின் ஹாசே நிறுவனத்தின் கெட்வீசல். இதிலும் இருக்கை உயரமாகவே, இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவில் அமைந்திருக்கும்.

இவ்வண்டிகளைப் பார்க்கும் எவருக்கும் முதலில் எழும் அச்சம், பின்னால் வரும் கார்க்காரர் கண்ணில் படாமல் போய்விடுவோமோ என்பது. என் கணிப்பில் இந்த அச்சம் இடம் மாறி நிற்கிறது. பிரிட்டனின் நெடுஞ்சாலை வடிவமைப்புத் தரங்கள், ஓட்டுநரின் கண் குறைந்தது 1.05 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், சாலையில் 0.26 மீட்டர் உயரமுள்ள பொருள்கூட அவருக்குத் தெரிய வேண்டும் என்றும் வைத்துக்கொண்டே பார்வைத் தூரத்தைக் கணக்கிடுகின்றன. நேரான சாலையில், பகல் வெளிச்சத்தில், முன்னால் போகும் ஒரு முச்சக்கர வண்டி இந்தக் கணக்குக்குள் தாராளமாக அடங்கிவிடுகிறது. அதோடு, இன்னதென்று சட்டென்று விளங்காத ஓர் உருவத்தைப் பார்த்தவுடன் ஓட்டுநர்கள் தாமாகவே வேகத்தைத் தணிக்கிறார்கள். சாதாரண மிதிவண்டியைவிட இதற்குக் கூடுதல் இடம் விட்டு முந்துகிறார்கள் என்று இதை ஓட்டுபவர்கள் பலர் சொல்வது மிகையில்லை. நானும் அதையே கண்டிருக்கிறேன்.

உண்மையான இடர் பக்கவாட்டிலிருந்து வருகிறது. சாலையோரம் கார்கள் வரிசையாக நிறுத்தப்பட்ட ஒரு குடியிருப்புத் தெருவை எடுத்துக்கொள்வோம். சாதாரண காரின் கதவுக் கண்ணாடியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரையிலான உயரத்தில் இருக்கும். தாழ்ந்த டாட்போலில் சாய்ந்திருப்பவரின் கண் அந்த விளிம்புக்கும் கீழே போய்விடுகிறது. அவருக்குத் தெரிவது கதவின் தகரமும் சக்கரங்களும்தான். உயர்ந்த டாட்போலில் நிமிர்ந்து அமர்ந்தால் கண் அந்த விளிம்பை எட்டுகிறது, அல்லது சற்றே தாண்டுகிறது. அப்போது நிறுத்தப்பட்ட காரின் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் ஊடுருவி, அப்பால் உள்ள கிளைச் சாலையில் ஒரு காரின் மேற்கூரை நகர்வதைப் பார்த்துவிடலாம். டெல்டாவில் இது இன்னும் எளிது. பார்வை இருவழிப் பாதை: நம் கண்ணுக்கு அவருடைய கூரை தெரிகிறது என்றால் அவருக்கும் நம் தலை தெரிய வாய்ப்பிருக்கிறது. பத்து இருபது சென்டிமீட்டர் வேறுபாடு என்று விலைப்பட்டியலில் அலட்சியமாகக் கடந்துபோகும் எண், இந்த இடத்தில்தான் முழு மதிப்பைப் பெறுகிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் டாட்போலின் நீளம். பெடல்கள் முன்சக்கரங்களையும் தாண்டி ஒரு குழாயின் நுனியில் இருப்பதால், வண்டியின் மூக்கு ஓட்டுபவரின் கண்ணுக்கு ஒன்றரை மீட்டர் அளவுக்கு முன்னால் நிற்கிறது. கார்ன்வாலின் கல் கட்டிய உயர்ந்த வேலிகளுக்கு நடுவே செல்லும் குறுகிய சந்திலிருந்து பெரிய சாலைக்கு வரும்போது, இடமும் வலமும் பார்வை திறப்பதற்கு முன்பே ஓட்டுபவரின் பாதங்கள் அந்தச் சாலைக்குள் நுழைந்துவிடும். சாதாரண மிதிவண்டிக்காரர் முன்சக்கரத்தைச் சற்று நீட்டி, உடலை முன்னுக்கு வளைத்து எட்டிப் பார்ப்பதைப் போல இதில் செய்ய இயலாது. முதுகு இருக்கையோடு ஒட்டியிருக்கிறது. கோட்டுக்கு முன்பே முழுமையாக நின்று, காதால் கேட்டு, அங்குலம் அங்குலமாக நகர்வதே வழி. நல்ல வேளையாக, கால் ஊன்றாமல் நிற்கவும் ஆமை வேகத்தில் நகரவும் மூன்று சக்கரங்கள் இடம் கொடுக்கின்றன. டெல்டாவிலும் கால்கள் முன்னேதான் இருக்கின்றன என்றாலும், கண் உயரமாக இருப்பதாலும் குறுகிய வட்டத்துக்குள் திரும்ப முடிவதாலும் இந்த இக்கட்டு ஓரளவு தணிகிறது.

நிலைத்தன்மையில் டாட்போலே முந்துகிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே பாய்கிறது. டாட்போலில் அதை வாங்கிக்கொள்ள அகலமாக விரிந்த இரண்டு சக்கரங்கள் இருக்கின்றன, பிரேக்குகளும் பெரும்பாலும் அந்த இரண்டிலேயே இருக்கின்றன. டெல்டாவில் அதே எடை ஒற்றை முன்சக்கரத்தை நோக்கிச் சாய்வதால், வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை அழுத்தினால் உட்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பக்கூடும். ரவுண்டானாவில் ஒரு கார் குறுக்கே வந்தவுடன் ஓட்டுபவர் அனிச்சையாகச் செய்யும் காரியம் அதுதான் என்பதால், டெல்டா வாங்குபவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கும் பழக்கத்தை வெற்று மைதானத்தில் கற்றுக்கொண்டு சாலைக்கு வர வேண்டும். டாட்போலில் ஒவ்வொரு கைப்பிடியும் ஒவ்வொரு முன்சக்கரத்தை மட்டும் நிறுத்தும் அமைப்பு வழக்கமாக உண்டு; கைகாட்டும்போது ஒரு கையால் பிரேக் பிடித்தால் வண்டி எவ்வளவு ஒருபக்கம் இழுக்கிறது என்பதை வாங்குமுன் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

பாதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இறக்கத்தில் கால் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டால், வண்டி முன்னே செல்லச் செல்ல அந்தக் கால் குறுக்குச் சட்டத்தின் அடியில் இழுக்கப்பட்டு எலும்பே முறியலாம். டாட்போலில் இந்த அபாயம் கூடுதல். பெடலோடு பொருந்தும் காலணியோ குதிகாலைத் தாங்கும் வாரோ இல்லாமல் போக்குவரத்துக்குள் இறங்கக் கூடாது. தலைக்கவசத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுகிற பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

அடுத்தது கொடியா, விளக்கா என்ற பழைய சச்சரவு. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாக எண்ணுவதால்தான் அது சச்சரவாகிறது. வளையும் கம்பியின் நுனியில் ஆளுயரத்தில் ஆடும் கொடி, நிறுத்தப்பட்ட கார்களுக்கும் வேலிக்கும் மேடான சாலையின் முகட்டுக்கும் மேலே எட்டிப் பார்ப்பதற்கானது. பக்கவாட்டிலும் முகட்டுக்கு அப்பாலும் இருப்பவருக்கு அது செய்தி சொல்கிறது. பின்னால் தொலைவில் வருபவருக்கு, அதுவும் தாழ்ந்த வெயில் கண்ணில் அடிக்கும்போதும் மரநிழல் மாறி மாறி விழும்போதும், கொடி பெரிதாக உதவுவதில்லை. அங்கே விளக்குதான் பேசும். டென்மார்க்கின் ஒடென்சே நகரில் 2004-05ஆம் ஆண்டுகளில் 3,845 மிதிவண்டிக்காரர்களைக் கொண்டு நடத்தப்பட்ட பரிசோதனையில், பகலிலும் அணையாமல் எரியும் விளக்குகளைப் பொருத்தியவர்களுக்கு நேர்ந்த காய விபத்துகள் 19 விழுக்காடு குறைவாக இருந்தன. அது இருசக்கர மிதிவண்டிகளைப் பற்றிய ஆய்வு. ஆயினும், அவற்றைவிடத் தாழ்ந்த வண்டிக்கு அந்த முடிவு பொருந்தாமல் போகக் காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. தாழ்ந்த டாட்போலுக்குக் கொடி கட்டாயம், விளக்கும் கட்டாயம். உயர்ந்த டாட்போலிலும் டெல்டாவிலும் ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால் விளக்கை வைப்பேன்.

இனி, சாலையில் எங்கே ஓட்டுவது என்ற கேள்வி. 2022 ஜனவரி 29 அன்று பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பான ஹைவே கோடில் நடைமுறைக்கு வந்த மாற்றங்களின்படி, அமைதியான தெருக்களிலும் மெதுவாக நகரும் போக்குவரத்திலும் சந்திப்புகளை நெருங்கும்போதும் மிதிவண்டிக்காரர் தன் தடத்தின் நடுவில் ஓட்டலாம். வேகமான வண்டிகள் ஓடும் சாலையில் விளிம்பிலிருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளி ஓட்ட வேண்டும். மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் முந்தும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். இதை ஒரு முச்சக்கர வண்டிக்குப் பொருத்திக் கணக்குப் போட்டால் விடை தெளிவாகிறது. வண்டியின் அகலம் சுமார் 80 சென்டிமீட்டர். விளிம்பிலிருந்து அரை மீட்டர் விட்டால் வண்டியின் வலப்புறம் 1.3 மீட்டரில் நிற்கும். அதன் பிறகு ஒன்றரை மீட்டர் இடைவெளி, அதன் பிறகு ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமுள்ள கார்; மொத்தம் 4.7 மீட்டர். பிரிட்டனில் வழக்கமான தடத்தின் அகலமோ 3.65 மீட்டர். ஆகவே எவ்வளவுதான் ஓரம் ஒதுங்கினாலும், முறைப்படி முந்தும் கார் நடுக்கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். ஒதுங்கி ஓட்டுவதால் கிடைக்கும் ஒரே பலன், எதிரே கார் வரும்போதும் நெருக்கிக்கொண்டு நுழையலாம் என்ற ஆசையைப் பின்னால் வருபவருக்குக் காட்டுவதுதான்.

ஓரத்தில் ஓட்டுவதில் வேறொரு தொல்லையும் உண்டு. இருசக்கர வண்டிக்காரர் ஒரே கோட்டைக் கணித்துப் பள்ளங்களையும் வடிகால் மூடிகளையும் தவிர்த்துவிடுவார். முச்சக்கர வண்டி மூன்று கோடுகளில் ஓடுகிறது. இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே பள்ளத்தை விட்டுவிட்டதாக டாட்போல்காரர் நிம்மதி அடைவதற்குள் பின்சக்கரம் அதில் இறங்கிவிடும். உடைசல்கள் பெரும்பாலும் சாலையின் ஓரத்திலேயே திரண்டு கிடப்பதால், மூன்று வகை வண்டிகளுக்கும் விளிம்பை விட்டு நன்றாக விலகி ஓட்டுவதே ஏற்றது. முந்த வழியில்லாமல் பின்னால் வரிசை சேர்ந்தால், பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்கி வழிவிடுவது முறை.

சாலையையே தவிர்த்துப் பிரித்துக் கட்டிய மிதிவண்டிப் பாதையில் போகலாமே என்பது நியாயமான எண்ணம்தான். இங்கிலாந்துக்காக 2020 ஜூலையில் வெளியான எல்.டி.என். 1/20 என்ற வடிவமைப்பு வழிகாட்டி, 1.2 மீட்டர் அகலமும் 2.8 மீட்டர் நீளமும் கொண்ட வண்டி செல்லும்படி பாதைகளை அமைக்கவும், தடுப்புக் கம்பங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் விடவும் சொல்கிறது. மூன்று வகை முச்சக்கர வண்டிகளும் அந்த அளவுக்குள் வந்துவிடும். பழைய பாதைகளின் நுழைவாயில்களில் மோட்டார் சைக்கிளைத் தடுக்க வைத்த இரும்புச் சட்டங்களோ இந்த அளவை அறியா. இருசக்கர வண்டி வளைந்து நெளிந்து புகுந்துவிடும். முச்சக்கர வண்டி அங்கேயே நின்றுவிடும். குறுகிய வட்டத்தில் திரும்பும் டெல்டாவுக்கு வளைந்து செல்லும் தடுப்புகளில் சற்று சலுகை உண்டு, டாட்போலைப் பின்னால் இழுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். பாதையின் தொடக்கம் அகலமாக இருந்து, பாதியில் ஒரு தடுப்பு வந்து, பெரிய சாலைக்குத் திரும்ப நேர்வதைவிட முதலிலிருந்தே சாலையில் போவது மேல்.

லாரி விஷயத்தில் மட்டும் மூன்று வகைகளுக்கும் ஒரே நெறி. சிக்னலில் மிதிவண்டிகளுக்கென ஒதுக்கப்பட்ட முன்கட்டத்துக்குள் போய் லாரியின் முகப்புக்கு நேர் கீழே நிற்பது, இருசக்கர வண்டிக்கே ஆபத்தானது. லாரி ஓட்டுநரின் இருக்கை உயரத்திலிருந்து பார்த்தால், முகப்புக்கு அடியில் இருக்கும் டெல்டாகூட மறைந்துபோகும், தாழ்ந்த டாட்போல் அடியோடு இல்லாமலே போய்விடும். லாரிக்குப் பின்னால், அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரியும் இடத்தில் காத்திருக்க வேண்டும்.

எனவே என் தேர்வு உயர்ந்த டாட்போல். டெல்டாவின் பார்வை உயரத்தில் பெரும்பங்கைத் தந்துகொண்டே, வளைவில் எளிதில் கவிழாத குணத்தையும் அது விட்டுக்கொடுப்பதில்லை. முழங்கால் அல்லது இடுப்பு வலி காரணமாகத் தாழ இறங்கி எழ முடியாதவருக்கும், நகருக்குள் மெதுவாகவே போகிறவருக்கும் டெல்டா சரியான தேர்வு. தாழ்ந்த டாட்போலின் வேகம் எனக்கும் பிடித்தமானதே. ஆனால் அது சந்திப்புகள் குறைந்த, திறந்த நாட்டுப்புறச் சாலைகளுக்கான வண்டி. அதைக் காலை நேர நகர நெரிசலுக்கு யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எதை வாங்கினாலும் இரண்டு பக்கமும் கண்ணாடி பொருத்த வேண்டும். சாய்ந்த நிலையில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது எளிதல்ல. இரவில் ஓட்டுபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாதாரண மிதிவண்டியில் பெடலின் பின்பக்க ரிஃப்ளெக்டர் மேலும் கீழும் ஆடுவதால்தான் கார்க்காரர் அதை மிதிவண்டி என்று உடனே புரிந்துகொள்கிறார். இவ்வண்டிகளில் பெடல்கள் முன்னே, உடலுக்கும் இருக்கைக்கும் மறைவில் இருப்பதால் அந்த அடையாளம் பின்னால் வருபவருக்குக் கிடைப்பதில்லை. இருக்கையின் முதுகுப்புறத்தில் அகலமான ஒளிர்பட்டையும், வண்டியின் அகலத்தைக் காட்டும்படி இரண்டு ஓரங்களிலும் தனித்தனியாகச் சிவப்பு விளக்குகளும் பொருத்தினால் அந்தக் குறை பெருமளவு நீங்கும்.