மூன்று சுழி ‘ண’ தெரியும்படி ஒரு பெயர்ப்பலகை

பெரம்பூரில் பத்தடி அகல வாசலில் தையல் கடை வைத்திருக்கிறேன். அம்மாவின் பெயர்தான் கடைக்கும்: வேணி தையலகம். இந்த ஒரே கடைக்கு இரண்டு முறை போர்டு செய்ய வேண்டி வந்தது. இரண்டாவது முறை செய்து கொடுத்த திருவல்லிக்கேணி பட்டறையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் போர்டைச் செய்தவர் யார் என்று சொல்லப் போவதில்லை. 14,500 ரூபாய் வாங்கினார். ஆங்கிலத்தில் பெரிதாக ‘வேணி டெய்லர்ஸ்’, அதற்குக் கீழே ஒரு சாண் உயரம்கூட இல்லாமல் தமிழ். “எல்லாக் கடையிலும் இப்படித்தான் மேடம்” என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். பலகை வேறு சுவரை விட்டு இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டு நடைபாதைக்கு மேலே நின்றது. நான்காவது மாதம் ‘தையலகம்’ என்பதில் கடைசி எழுத்தின் புள்ளி உதிர்ந்து விழுந்தது. அதைவிட எனக்கு வலித்தது ‘வேணி’. எழுத்தைச் சின்னதாக்கி வெட்டியதில் சுழிகள் அடைத்துக்கொண்டு, சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் ‘வேனி’ என்றுதான் படிக்க முடிந்தது. அம்மா ஒரு நாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

அப்புறம் தொழிலாளர் உதவி ஆய்வாளர் வந்தார். நிதானமாகவே பேசினார். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இல் 15-ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும். வேறு மொழியும் போட்டால் அது தமிழுக்குக் கீழேதான் வர வேண்டும், தமிழுக்குத்தான் அதிக இடம். தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று, இன்னொரு மொழி இருந்தால் அதற்கு இரண்டு என்று கணக்குச் சொன்னார். மாற்றுவதற்கு அவகாசமும் கொடுத்தார்.

எனக்கு பிளவுஸ் கொடுக்கும் ஒரு அக்கா சொல்லித்தான் திருவல்லிக்கேணிக்குப் போனேன். மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்தால் சுலபம். பெரிய தெருவை ஒட்டிய ஒரு சந்தில் சின்னப் பட்டறை. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அண்ணன், கூட இரண்டு பையன்கள். பிளெக்ஸ் வருவதற்கு முன்னால் சுவரிலும் தகரத்திலும் பிரஷ்ஷால் எழுதிக்கொண்டிருந்தவர். இப்போது அக்ரிலிக் எழுத்தும் எல்இடியும் செய்கிறார்.

நான் நினைத்தது முதலில் விலை பேசுவார் என்று. அவர் கேட்டது, “கடைப் பேரை ஒரு தடவை கையால எழுதிக் காட்டும்மா.” எழுதினேன். பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, சாக்பீஸால் மூன்றடி உயரத்துக்குக் கோடு போட்டார். மேலும் கீழும் இரண்டிரண்டு அங்குலம் விட்டால் மீதி 32 அங்குலம். 20 தமிழுக்கு, 12 ஆங்கிலத்துக்கும் போன் நம்பருக்கும். ஐந்துக்கு மூன்று சரியாக வந்துவிட்டது. அடுத்து ‘ணி’யை மட்டும் தனியாக வரைந்தார். மூன்று சுழிக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு வெளி இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே விளக்கு எரியும்போது சுழியெல்லாம் ஒரே வெளிச்சமாகி அடைந்துவிடும் என்றார். கம்ப்யூட்டரில் இருக்கிற எழுத்துருவை அப்படியே வெட்டாமல், கையால் வரைந்து அதை ஸ்கேன் செய்து வெட்டினார். புள்ளி தனித் துண்டு என்பதால்தான் முதலில் விழுகிறதாம். அதற்கு மட்டும் பின்னால் இரண்டு திருகாணி வைத்தார்.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கி வைத்தால் மேம்பாலத்திலிருந்தும் தெரியுமே என்று கேட்டேன். முதல் ஆள் கொடுத்த யோசனை அது. அண்ணன் முகம் மாறிவிட்டது. மாடி மேல் விளம்பரப் பலகை என்றால் மாநகராட்சி ஆணையரின் உரிமம் இல்லாமல் கூடாது, கட்டடம் அதைத் தாங்கும் என்று பொறியாளர் சான்று வேண்டும் என்றார். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் இறந்ததையும், 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டியில் ராட்சதப் பலகை சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்ததையும் சொன்னார். “அந்த மூணு பேரும் நம்ம வேலை செய்றவங்கம்மா” என்றார். அதற்குப் பிறகு நான் மாடியைப் பற்றிப் பேசவில்லை.

அளவு குறித்த வரைபடம் ஒன்றும், வாசலின் போட்டோ ஒன்றும் கொடுத்து, மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் காட்டிவிட்டு வரச் சொன்னார். தொழில் உரிமத்துக்கான காகிதங்களையும் அதோடு கொண்டுபோனேன். வாடகை ஒப்பந்தம் இருந்தது, சொத்து வரி ரசீதை வீட்டுக்காரர் தர ஒரு வாரம் இழுத்தார், அதனால் இரண்டு நடை. அங்கே முதலில் பார்த்தது, பலகை சுவரோடு ஒட்டி இருக்கிறதா, நடைபாதைக்கு மேல் நீள்கிறதா என்பதைத்தான். வரைபடத்தில் எல்லாம் அங்குலக் கணக்கில் இருந்ததால் நான் வாய் திறந்து விளக்க வேண்டியதே இல்லை. இந்த வரைபடத்துக்கு அண்ணன் தனியாகக் காசு வாங்கவில்லை.

மொத்தம் 31,000 ரூபாய். முதல் போர்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், எனக்குப் பெரிய தொகைதான். அதில் இரும்புச் சட்டம், துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பூச்சு, அதன் மேல் பெயின்ட், சுவரில் ஆறு ஆங்கர் போல்ட், மழை புகாத எல்இடி, மின்சாரத்தில் கோளாறு என்றால் தானாகவே அணைந்துவிடும் தனி எம்சிபி சுவிட்ச் எல்லாம் அடக்கம். ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க நனைந்தும் ஒரு எழுத்துகூட அணையவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பத்து நாளில் என்றவர் பத்தொன்பதாவது நாள்தான் மாட்டினார். போன் எடுக்கவே மாட்டார். பில்லை இரண்டு முறை கேட்டுத்தான் வாங்கினேன். பழைய பலகையைக் கழற்றிய இடத்தில் சுவரில் இருந்த ஓட்டைகளைப் பூசாமல் போய்விட்டார்கள், கொத்தனாரை நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன்.

மாட்டிய அன்று சாயங்காலம் அம்மாவை வரவழைத்து, எதிர்ப்பக்கம் நிற்க வைத்து சுவிட்சைப் போட்டேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை, இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை. “ணி தெரியுதுடி” என்றார்.

போகிறவர்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல் போங்கள். காலையில் அண்ணன் ஏதாவது ஒரு கடை வாசலில் ஏணி மேல்தான் இருப்பார். வாசலின் அகலம், உயரம், நடைபாதை எங்கே தொடங்குகிறது என்ற மூன்று அளவையும் டேப் வைத்து எடுத்துக்கொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்.