பாரிமுனையில் கிடைக்கும் ‘ஐஸ் உருக்கும் செட்’: விளக்குக்குக் கீழே ஒரு செங்கல் வையுங்கள்

சென்னை பாரிமுனைப் பக்கம் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லாத அட்டைப்பெட்டியாகக் கிடைக்கிறது, விளக்குச் சுடரில் ஐஸை உருக்கி வெப்பக் கணக்கை வகுப்பில் காட்டும் இந்த செட். உள்ளே கண்ணாடிச் சாராய விளக்கு, இரும்பு முக்காலி, கம்பிவலை, 250 மி.லி. பீக்கர், அலுமினியக் கிண்ணம் ஒன்று, எவர்சில்வர் கிண்ணம் ஒன்று, சிவப்புத் திரவ வெப்பமானி, நாலு பக்கச் செய்முறைத் தாள். ஸ்பிரிட்டும் தராசும் நம் பொறுப்பு. 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும்; சமையலறைத் தராசு இதற்கு உதவாது.

விளக்கு நல்லது, முக்காலியும் ஆடவில்லை. ஆனால் ஒன்றுக்கு ஒன்று பொருந்தவில்லை. முக்காலி 20 செ.மீ. உயரம், திரி நிற்பதோ 9 செ.மீ.-ல். சுடர் 4 செ.மீ. எழுந்தாலும் அதன் நுனிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே 7 செ.மீ. காலியாகக் கிடக்கிறது. அந்த இடைவெளியில் சூடான வாயு சுற்றியுள்ள காற்றோடு கலந்து ஆறிவிடும். ஒரு செங்கல்லைப் படுக்கப்போட்டு அதன்மேல் விளக்கை வைத்தால் நுனி அடிப்பாகத்தைத் தொடும். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். மே மாதத்தில் வகுப்பு முணுமுணுக்கும்தான்; ஆனால் சுடர் சாய்ந்தால் பாதி வெப்பம் பாத்திரத்துக்கு வராது. சாராயச் சுடரில் கரி அதிகம் இல்லாததால் அதன் வெப்பக்கதிர்வீச்சும் குறைவு. பக்கத்தில் வைத்த ஐஸ் மெதுவாகவே உருகும், மேலே வைத்ததுதான் சட்டென்று உருகும்.

செய்முறைத் தாளில் ஒரு பெரிய தப்பு இருக்கிறது. அலுமினியம் வெப்பத்தை எவர்சில்வரைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்துவதால் அதில் ஐஸ் ‘பல மடங்கு வேகமாக’ உருகும் என்கிறது. செய்து பார்த்தால் இரண்டு கிண்ணத்துக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். காரணம், வெப்பத்துக்குப் பெரிய தடை உலோகத்தில் இல்லை. கிண்ணத்தின் அடியை ஒட்டி நிற்கும் மெல்லிய வாயுப் படலத்தில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் தகடு எந்த உலோகமானாலும் அதன் முன்னால் பொருட்டல்ல. கடத்தலில் உள்ள வித்தியாசத்தைக் காட்ட வேண்டுமானால் விளக்கை அணைத்துவிட்டு, கனமான அலுமினியத் தட்டின்மேல் ஒரு ஐஸ் கட்டி, மரப்பலகையின்மேல் ஒன்று என்று வையுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலுமினியத்தில் இருப்பது கரைந்துவிடும்.

இனி கணக்கு. 100 கிராம் ஐஸ் 0 டிகிரியில் உருக 33,400 ஜூல் வேண்டும். வெப்பநிலை ஏறாமல் ஐஸைத் தண்ணீராக மட்டும் மாற்றும் இது, உள்ளுறை வெப்பம். ஃப்ரீசரிலிருந்து −18 டிகிரியில் எடுத்தால், 0-க்கு வரவே இன்னும் 3,800 ஜூல். ஒரு கிராம் ஸ்பிரிட் சுமார் 26,000 ஜூல் தரும். ஆக ஒன்றரை கிராமே போதும் என்று கணக்கில் வரும். விளக்கை முன்னும் பின்னும் எடைபோட்டு 4.5 கிராம் குறைந்திருந்தால், மூன்றில் ஒரு பங்கு வெப்பம்தான் ஐஸுக்குப் போனது என்று பொருள். மீதி காற்றோடு போச்சு. மாணவர்கள் இந்த எண்ணைப் பார்த்து ‘சோதனை தப்பு’ என்று அழித்து எழுதுவார்கள். விடாதீர்கள், செட்டின் மதிப்பே அந்த எண்ணில்தான் இருக்கிறது.

சென்னையில் இன்னொரு வெப்ப மூலமும் உண்டு: ஈரக்காற்று. குளிர்ந்த பாத்திரத்தின்மேல் ஒரு கிராம் நீராவி படிந்தால் ஏறத்தாழ 2,500 ஜூல் வெளிவரும். ஏழு கிராம் ஐஸை அதுவே உருக்கிவிடும். அதனால் அதே எடை ஐஸை இன்னொரு பாத்திரத்தில் சுடரில்லாமல் தள்ளி வைத்து, அதே நேரத்தில் அதில் சேர்ந்த தண்ணீரைச் சுடரில் கிடைத்த தண்ணீரிலிருந்து கழிக்க வேண்டும். பீக்கரின் அடியிலிருந்து திரியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்து ‘பீக்கர் ஒழுகுது’ என்று திருப்பிக் கொடுக்கப் போக வேண்டாம். ஒரு கிராம் ஆல்கஹால் எரிந்தால் 1.17 கிராம் தண்ணீர் உண்டாகும். குளிர்ந்த கண்ணாடியில் படிவது பெரும்பாலும் அதுதான்.

வெப்பமானிதான் இந்தப் பெட்டியின் பலவீனம். நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துக் கலக்கி அதில் வைத்தால் 0 காட்ட வேண்டும்; இந்த ரகத்தில் ஒரு டிகிரி முன்னே பின்னே இருப்பது சகஜம். அந்தப் பிழையைக் குறித்துவைத்துப் பிறகு திருத்திக்கொள்ளலாம். கலக்காமல் அளந்தால் வேறு கோளாறு வரும்: மேலே ஐஸ் மிதந்துகொண்டிருக்க, அடித்தண்ணீர் சூடேறி, உருகுநிலை 0 இல்லையோ என்ற சந்தேகத்தைக் கிளப்பும். மீன் வைத்த ஐஸை வாங்கிவந்து செய்யாதீர்கள். உப்பு ஒட்டியிருந்தால் 0-க்குக் கீழேயே உருக ஆரம்பிக்கும்.

எரியும் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றவே கூடாது. அணைக்க ஊதாமல் மூடியால் மூடுங்கள். ஒருமுறை திறந்து மறுபடி மூடினால் மூடி இறுகிக்கொள்ளாது. சானிடைசர் ஜெல்லை எரிபொருளாக்கும் யோசனை வேண்டாம், அதன் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது.

முழுப் பெட்டியாக வாங்குவதைவிட விளக்கு, முக்காலி, பீக்கர், கம்பிவலை நான்கையும் உதிரியாகக் கேளுங்கள், தருகிறார்கள். கம்பிவலையின் நடுவில் உள்ள வெள்ளை வட்டம் ஆஸ்பெஸ்டாஸா செராமிக்கா என்று கேட்டுச் செராமிக்கையே எடுக்கவும். பெட்டியாகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், வெப்பமானியின் சிவப்புக் கோடு நடுவில் அறுந்திருக்கிறதா என்று கடையிலேயே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.