மாசாய் மாரா போகிறீர்களா? கேட் ரசீதை உங்கள் கையில் வாங்குங்கள்

கென்யாவில் தனி வண்டி, தனி டிரைவர் என்று ஏற்பாடு செய்து சஃபாரி போக நினைப்பவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களை ஏமாற்றியது நைரோபியிலிருந்து வாட்ஸ்அப்பில் வியாபாரம் செய்யும் ஒரு சின்ன டூர் ஏஜென்சி. பெயரைப் போடவில்லை. போட்டும் பயனில்லை. அதே எண் இப்போது வேறு பெயரில், வேறொரு சிங்கப் படத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், எந்தப் பெயரில் வந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

போனது நான், மனைவி, அக்கா, மாமா. ஆகஸ்ட் மாதம், தான்சானியாவின் செரெங்கெட்டிப் பக்கமிருந்து வந்த வில்டபீஸ்ட் (பெரிய மான் வகை) கூட்டங்கள் மாரா ஆற்றைத் தாண்டும் பருவம். நக்குரு, நைவாஷா ஏரிப் பகுதிகளைப் பார்த்துவிட்டுக் கடைசியாக மாசாய் மாரா சரணாலயத்தில் இரண்டு இரவு என்று பேச்சு. கூரை திறக்கிற லேண்ட் குரூசர், உரிமம் பெற்ற டிரைவர் கைடு, எல்லா நுழைவுக் கட்டணமும் உட்பட ஒரே தொகை. பாதி முன்பணம், மீதி நைரோபியில் இறங்கியதும்.

மீதியை வாங்கிக்கொண்ட பிறகு ஹோட்டல் வாசலுக்கு வந்து நின்றது ஒரு வெள்ளை வேன். லேண்ட் குரூசர் பழுதுபார்க்கப் போயிருக்கிறதாம், நக்குருவில் மாற்றித் தருவார்களாம். கடைசிவரை மாற்றவில்லை. வேனில் போவதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். அதிலும் கூரையைத் தூக்கிக்கொண்டு நின்று பார்க்கலாம், எத்தனையோ பேர் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஆனால் மாராவில் பல இடங்களில் கரிசல் மண். ஒரு மழை பெய்தால் வேன் சக்கரம் புதைந்துவிடும், லேண்ட் குரூசர் ஏறிப் போய்விடும். விலை வித்தியாசம் அதற்குத்தான். நாங்கள் கொடுத்தது லேண்ட் குரூசர் விலை.

டிரைவர் கைடு என்று வந்தவர் நல்ல மனிதர். பள்ளத்தாக்குச் சரிவில் லாரிகளுக்கு நடுவே வண்டியைப் பூப்போல இறக்கினார். ஆனால் கைடு இல்லை. டோபி, காங்கோனி, கிரான்ட் கெஸல் என்று எந்த மான் வகையைப் பார்த்தாலும் அவருக்கு இம்பாலாதான். "அது பெரிய இம்பாலா, பாஸ்" என்று அவர் டோபியைக் காட்டியபோது, கையிலிருந்த விலங்குப் படப் புத்தகத்தை அக்கா சத்தமில்லாமல் மூடி வைத்துவிட்டாள். அதைவிடப் பெரிய குறை, வண்டியில் ரேடியோ இல்லாதது. மாராவில் சிறுத்தை எந்தப் புதரில் இருக்கிறது, சீட்டா எந்த மேட்டில் படுத்திருக்கிறது என்பதை கைடுகள் ரேடியோவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். எங்களுக்கு இருந்த ஒரே வழி, வேறு வண்டிகள் எழுப்பும் புழுதியைத் துரத்திக்கொண்டு ஓடுவது. போய்ச் சேரும்போது விலங்கு எழுந்து போயிருக்கும்.

டிரைவர் கமிஷனுக்காக நிறுத்திய கடைகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, உலகம் முழுக்க இதே கதைதான். ரிஃப்ட் பள்ளத்தாக்கு வியூபாயின்ட்டில் ஒன்று, நரோக் போகும் வழியில் இன்னொன்று. கிசி பக்கத்து மாக்கல் சிற்பம் 12,000 ஷில்லிங்கில் தொடங்கி, நாங்கள் வெளியே நடக்கத் தொடங்கியதும் 3,000-க்கு வந்தது. ஒரு விஷயம் மட்டும் மனதில் நின்றுவிட்டது. இரண்டாம் உலகப் போரில் கைதிகளாக இருந்த இத்தாலியர்கள் அந்தச் சாலையைப் போடும்போது 1942-ல் கட்டிய குட்டித் தேவாலயம் ஒன்று மாய் மாஹியு சரிவில் சாலையோரமே நிற்கிறது. ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லி மாமா கேட்டார். நேரமில்லை என்று பதில் வந்தது. அங்கே கமிஷன் கிடையாது.

இதெல்லாம் சில்லறை. பெரிய தொகை போனது கேட்டில்.

மாசாய் மாரா கென்ய வனவிலங்குத் துறையின் கையில் இல்லை. நரோக் கவுண்டி அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. வெளிநாட்டுப் பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளுக்கு 100 டாலர். 2024 ஜூலையிலிருந்து, ஜூலை முதல் டிசம்பர் வரையான சீசனில் 200 டாலர். முன்பு 24 மணி நேரம் செல்லுபடியான சீட்டு இப்போது காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரை மட்டும்தான். இந்த 12 மணி நேரக் கணக்கில்தான் ஏமாற்றுக்காரர்களுக்கு வசதி. நைவாஷாவிலிருந்து மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்து, நான்கு மணிக்கு உள்ளே நுழைந்தாலும் முழு 200 டாலர் கட்ட வேண்டும். ரிசர்வுக்கு வெளியே தங்குகிறவர்கள் கிளம்பும் நாள் காலையில் இரண்டு மணி நேரம் உள்ளே போய் வந்தாலும் அதே 200. நேர்மையான ஏஜென்சி இதை முன்பே சொல்லி, "முதல் நாள் மாலை வேண்டாம், காசு வீண்" என்று விலையைக் குறைத்துவிடும். எங்கள் பயணத் திட்டத்தில் முதல் நாள் மாலை கேம் டிரைவ் (வண்டியில் சுற்றி விலங்கு பார்ப்பது), இரண்டாம் நாள் முழுக்க, மூன்றாம் நாள் காலை கேம் டிரைவ் என்று மூன்றும் இருந்தன. மூன்றுக்கும் பணம் வாங்கியிருந்தார்கள்.

முதல் நாள் மாலை வண்டி மாராவின் நுழைவாயிலான செகெனானி கேட்டுக்குப் போகவே இல்லை. அதற்கு முன்பே ஒரு மண் பாதையில் திரும்பியது. வரிக்குதிரை இருந்தது, ஒட்டகச்சிவிங்கி இருந்தது, எங்களுக்கும் சந்தோஷம்தான். கொஞ்ச தூரம் போனதும் ஒரு சிறுவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். பின்னாலேயே மாடுகள். மாமா மெதுவாகக் கேட்டார்: "ஏன்டா, சரணாலயத்துக்குள்ளே ஆடு மேய்க்க விடுவாங்களா?" டிரைவரைக் கேட்டேன். "மாராவுக்கு வேலி கிடையாது பாஸ், எல்லாம் மாராதான்" என்றார். வேலி இல்லை என்பது உண்மை. விலங்குகள் இஷ்டம்போல வெளியே வரும், போகும். அந்த உண்மையை வைத்துத்தான் ஏய்க்கிறார்கள். நாங்கள் சுற்றிக்கொண்டிருந்தது கட்டணம் இல்லாத மாசாய் கிராமத்து நிலம்.

மறுநாள் காலை கேட்டில் எங்களை வண்டிக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர் மட்டும் கவுண்டருக்குப் போனார். அதற்குள் பாசிமணியும் வளையலும் கையில் பிடித்த மாசாய்ப் பெண்கள் ஜன்னல்களைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தச் சலசலப்பில் சீட்டைப் பற்றி யாருக்கு நினைப்பு வரும்? ரசீது கேட்டபோது, அது ஆபீஸ் கணக்குக்குப் போக வேண்டும் என்றார். மதியம் ஆற்றுப் பக்கம் போகலாம் என்றதும் அடுத்தது வந்தது: ஆறு மேற்குக் கோடியில் இருக்கிறது, அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் காசு கொடுத்தனுப்பவில்லை, 100 டாலர் வேண்டும். கொடுத்தோம். ஆகஸ்டில் மாராவுக்குப் போய் ஆற்றைப் பார்க்காமல் எப்படித் திரும்புவது? வில்டபீஸ்ட் கூட்டம் கரைவரை வந்து நின்று, தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அதற்கு யார் மேலும் குற்றமில்லை.

அன்று இரவு சாப்பிடும் இடத்தில் வேறொரு குடும்பத்தின் கைடு, சட்டையில் வெள்ளி பேட்ஜ் குத்தியவர், பேச்சுவாக்கில் முதல் நாள் எந்தப் பக்கம் போனீர்கள் என்று கேட்டார். பாதையை விவரித்தேன். ஆடு மேய்க்கும் சிறுவன் வரை வந்ததும் சிரித்துவிட்டு, "ரசீது பாருங்கள், தேதியும் ஆள் எண்ணிக்கையும் இருக்கும்" என்றார். நேராகப் போய் டிரைவரைக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை; போனை எடுத்துக் காட்டினார். ஒரே ஒரு நாளுக்கு, நான்கு பேருக்கு, ஒரே ஒரு ரசீது. மறுநாள் காலைக்கும் பணம் வரவில்லை. காலைச் சாப்பாடு முடிந்ததும் நேரே நைரோபிக்குக் கூட்டிவரச் சொல்லி ஆபீஸ் அனுப்பிய செய்தியும் கீழேயே இருந்தது. நான்கு பேர், இரண்டு நாள், 1,600 டாலர் கேட்டுக்கே போகவில்லை.

அப்போதுதான் மற்ற விஷயமும் வெளியே வந்தது. எங்களிடம் பணம் வாங்கியவர் இந்தப் பயணத்தை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டார். அவர் மூன்றாவது ஆளிடம் வேனை வாடகைக்கு எடுத்திருக்கிறார். டிரைவருக்குப் போன் வந்ததே முந்தின நாள் இரவு. அவருடைய தினக்கூலியும் பாக்கி. கடைக் கமிஷனும் டிப்ஸும்தான் அவருக்கு நிச்சயமான வருமானம். அவர் மேல் எனக்குக் கோபம் நிற்கவில்லை, டிப்ஸும் கொடுத்தோம். அக்காவுக்கு இதில் உடன்பாடு இல்லை; ஆட்டுப் பாதையில் வண்டியைத் திருப்பியது அவர்தானே என்பது அவள் கட்சி. அதுவும் சரிதான்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இவ்வளவுதான். "நுழைவுக் கட்டணம் உட்பட" என்ற வரியை ஏற்காதீர்கள். எந்தத் தேதிக்கு, எந்தப் பூங்காவுக்கு, எத்தனை பேருக்கு என்று எழுதி வாங்குங்கள். நக்குரு சீட்டு வனவிலங்குத் துறையுடையது, மாரா சீட்டு நரோக் கவுண்டியுடையது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாரா முக்கோணப் பகுதியின் நிர்வாகமும் வேறு. கேட்டில் வண்டியை விட்டு இறங்கி, டிரைவரோடு கவுண்டருக்குப் போய், ரசீதைப் போட்டோ எடுங்கள். அதைத் தடுக்கிற டிரைவர் எதையோ மறைக்கிறார். கென்யாவில் சஃபாரி கைடுகளின் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுக்கிறது. வரப்போகிறவரின் அட்டையையும் வண்டி எண்ணையும் முன்பே கேளுங்கள். கடைசி நிமிடத்தில் ஆள் பிடிக்கிறவர்களால் அதை அனுப்ப முடியாது. ஏஜென்சிக்கு சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் நடப்பு ஆண்டு உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தை நிறுவனத்தின் பெயரில் இருக்கும் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள்; எங்களுடையது ஒரு தனிநபர் கணக்குக்குப் போனது. மீதித் தொகையை, ஒப்புக்கொண்ட அதே வண்டி வாசலில் நிற்பதைப் பார்த்த பிறகு கொடுங்கள். எரிபொருளுக்கு கிலோமீட்டர் வரம்பு உண்டா, மாரா ஆறுவரை போவது அதில் சேர்த்தியா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஏஜென்சியிலிருந்து பின்னால் ஒரு மெயில் வந்தது. இணையத்தில் எழுதிய விமர்சனத்தை எடுத்துவிட்டால் "நல்லெண்ண அடிப்படையில்" 150 டாலர் தருவார்களாம். விமர்சனம் அப்படியே இருக்கிறது. டிரைவரின் போனிலிருந்து நான் எடுத்த ரசீதுப் படம், பயணத் திட்டம், பணம் அனுப்பிய சான்று மூன்றையும் இணைத்து ஆணையத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் இந்த மூன்றையும் நைரோபியை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய பிறகு டிரைவரின் எண்ணும் எடுக்காது.