மடாலய ப்ளாண்ட் பீர் பெட்டியாக வாங்குகிறவர்கள் கவனிக்கவும்: எனக்கு 84 யூரோ போச்சு

கோபம் இன்னும் அடங்கவில்லை. ப்ரஸ்ஸல்ஸில் சுற்றுலா வந்தவர்கள் மொய்க்கிற தெருவில் ஒரு பீர் கடை, அங்கே முந்தாநாள் 84 யூரோ ஏமாந்தேன். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து அண்ணன் வந்திருக்கிறார். பெல்ஜியத்து மடாலய ப்ளாண்ட் (மடத்துப் பெயரில் வரும் வெளிர் பொன்னிற பீர்) எப்படி இருக்கும் என்று அவருக்குக் காட்ட எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கடைக்காரர் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து, அகன்ற கோப்பையில் ஊற்றி என் கையில் கொடுத்தார். பொன் நிறம், இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை, மூக்கருகே கொண்டுபோனதும் கிராம்பு வாசனையும் பழுத்த பேரிக்காய் வாசனையும். கிராம்பு போட்டதால் வருவதில்லை அது, ஈஸ்ட் தருகிற வாசனை. முதலில் தேன் மாதிரி தித்திப்பு, அப்புறம் திகட்டாமல் மெல்லிய கசப்போடு முடிகிறது, ஆறரை சதவீத ஆல்கஹால் இருப்பதே தெரியவில்லை. "துறவிகளே காய்ச்சியது" என்று வேறு சொன்னார். நம்பிவிட்டேன். 24 பாட்டில், 84 யூரோ, ரொக்கம். உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

வீட்டில் முதல் வாயிலேயே அண்ணன் முகம் சுளித்தார். நனைந்த அட்டைப்பெட்டி வாடை. இன்னொன்றைத் திறந்தேன், அதுவும் அப்படியே. விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால் அடியில் தேதி, முடிந்து 14 மாதம் ஆகிறது!

போன் செய்தால், "மடாலய பீர் நாள்பட்டால்தான் ருசி" என்கிறார். ரோஷ்ஃபோர் 10 மாதிரி கறுத்த, கனமான பீருக்கு அது சரி, ப்ளாண்டைப் புதிதாகத்தான் குடிக்க வேண்டும். நேரில் பெட்டியோடு போனேன். "உங்களுக்கு இந்தச் சுவை பழக்கமில்லை" என்றார், அவர் ஊற்றிக் கொடுத்ததை ரசித்துக் குடித்த என்னிடமே. ரசீது கேட்டால் முதலாளி அடுத்த வாரம் வருவாராம். இன்று போனை எடுக்கவே இல்லை. 84 யூரோங்க, அண்ணன் முன்னால் பட்ட அவமானம் தனி.

விவரமாக எழுதப் பொறுமை இல்லை. ஸ்டிக்கருக்கு அடியில் தேதி பாருங்கள். ருசி பார்க்கக் கொடுத்தால், வாங்கும் பெட்டியிலிருந்தே ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். லேபிளில் மடத்துப் படம் இருந்தால் துறவிகள் காய்ச்சியது என்று அர்த்தமில்லை, உதாரணமாக லெஃப் என்ற பீரின் மடம் இருப்பது டினாங் ஊரில், பீர் வருவது லூவன் நகரத்து ஆலையிலிருந்து. ட்ராப்பிஸ்ட் அறுகோண முத்திரை (ட்ராப்பிஸ்ட் துறவிகளின் மடத்துக்குள்ளேயே, அவர்கள் மேற்பார்வையில் காய்ச்சியதற்கு அடையாளம்) இருக்கிறதா என்று பாருங்கள். ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.